ஒப்பாரியும் செபம்தான்: பரட்டை அண்ணனின் பாடல்கள் எமக்குச் சொல்வது

2009 ஜனவரியில், பரந்தன் – முல்லைத்தீவு வீதியில் உடையார்கட்டை ஒட்டிய பகுதி பாதுகாப்பு வலயமாக அறிவிக்கப்பட்டது. அதை நம்பிப் போன மக்கள் மீதும் எறிகணைகள் விழுந்தன. ஒப்பாரி வைக்கக்கூட நேரமின்றி, பதுங்குகுழிக்குப் பக்கத்திலேயே உறவுகளைப் புதைத்துவிட்டு நடந்தவர்கள் பலர். அன்று பாடாத ஒப்பாரியை எங்கே பாடுவது? தேவாலயத்தில், எங்கள் பேச்சுத் தமிழில் பாடினால் அது செபமாகுமா?

ஆகும் என்று தன் பாடல்களால் பதில் சொன்னவர், தமிழ்நாட்டைச் சேர்ந்த போதகர் தியோபிலஸ் அப்பாவு (1940–2005). மதுரையில் உள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் கற்பித்த அவரை எல்லோரும் 'பரட்டை அண்ணன்' என்றே அழைத்தார்கள். அவர் முகம்கொடுத்தது யுத்தத்துக்கு அல்ல, சாதிக்கு. தலித் மக்கள் நடுவிலிருந்து வந்த அவர், கோயிலுக்குள்ளும் அந்தப் பிரிவினையைக் கண்டார்.

தமிழ்ப் புரட்டஸ்தாந்து சபைகளில் தஞ்சாவூர் வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) போன்றோரின் கர்நாடக இசைக் கீர்த்தனைகள் ஆழ வேரூன்றியவை. அவற்றின் அழகை யாரும் மறுப்பதில்லை. ஆனால் வயலில் உழைப்பவரின் மொழியும் மெட்டும் கோயில் வாசலிலேயே நின்றுவிட்டால், அவர் தன்னைத் தாழ்த்திக்கொண்டுதான் கடவுளிடம் போகவேண்டியிருக்கிறது. இதுவே அப்பாவுவின் வாதம். அதனால் வழிபாடு முழுவதையும் நாட்டுப்புற மெட்டில், பேச்சுத் தமிழில் 'கிராமிய இசை வழிபாடு' என அமைத்தார். சாவோடும் தீட்டோடும் சேர்த்து ஒதுக்கப்பட்ட பறையை ஆராதனைக்குள் கொண்டுவந்தார். பாடல்கள் ஒலிநாடாக்கள் மூலமும், கிராமங்களுக்குப் போன மாணவர்கள் மூலமும் பரவின.

நாட்டார் பாடலை அவர் தேர்ந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. அதைப் பாடுபவர் தன் நிலைமைக்கு ஏற்பச் சொல்லை மாற்றலாம், அடியைக் கூட்டலாம். ஒப்பாரி வைக்கும் தாய் செய்வதும் அதைத்தான். பாடல் பாடுபவருக்குச் சொந்தமாகிறபோது, துயரப்பட்டவர் தன் கதையைத் தானே சொல்லத் தொடங்குகிறார்.

இது எமக்குப் புதிதல்ல. எமது கத்தோலிக்க ஊர்களில் அண்ணாவிமார் பழக்கிய நாட்டுக்கூத்து இருக்கிறது. தவக்காலத்தில் யேசுவின் பாடுகளை நினைந்து அழும் வியாகுலப் பிரசங்கமும் இருக்கிறது. சிலுவையடியில் நின்ற தாயின் அழுகை வழிபாட்டில் ஏற்கப்பட்டிருக்கும்போது, வன்னித் தாயின் அழுகை ஏன் வெளியே நிற்கவேண்டும்?

அப்பாவுவின் இறையியலில் 'ஒரே உலை' என்ற கருத்து முக்கியமானது. ஒரே உலையில் பொங்கியதை எல்லோரும் சேர்ந்து உண்பதுதான் கடவுளின் குடும்பம் என்றார் அவர். ஒவ்வொரு மே மாதமும் முள்ளிவாய்க்கால் கஞ்சி காய்ச்சும் எமக்கு இதை விளக்கத் தேவையில்லை. அரிசியும் தண்ணீரும் உப்பும் ஒரே பானையில் கொதித்து, யார் எவர் என்று பாராமல் வழங்கப்படுகின்றன.

ஆனால் அவர் எம்மை அத்தோடு விட்டிருக்கமாட்டார். கஞ்சிக்கு ஒன்றாக வரிசையில் நிற்கும் நாங்கள், கலியாண வீட்டில் ஒரே பந்தியில் இருக்கிறோமா? செத்தவீட்டில் பறை அடிப்பவரை வீட்டுக்குள் அழைக்கிறோமா? இழந்தவர்களுக்காக ஒன்றாகப் பாட நினைக்கும் ஒவ்வொரு ஊரும் முதலில் இதற்குப் பதில் சொல்லவேண்டும்.