பெண் குதிரையின் திடீர் முரண்டு: பருவச் சுழற்சியா, மறைந்திருக்கும் வலியா?

முதலமடை (பாலக்காடு): நேற்றுவரை சொன்னபடி கேட்ட இளம் பெண் குதிரை, இன்று சேணத்தைக் கண்டதும் காதுகளைப் பின்னுக்கு மடக்கிக் கடிக்க வருகிறது. சில நாள்களில் தானாகவே பழைய நிலைக்குத் திரும்பிவிடுகிறது. சவாரிக்காகக் குதிரை வளர்க்கத் தொடங்குவோர் பலரும் சந்திக்கும் சிக்கல் இது. 'பருவக் கோளாறு' என்று சொல்லிக் கடந்துவிட்டால், சிகிச்சை தேவைப்படும் வலி மாதக்கணக்கில் கவனிக்கப்படாமல் போகலாம். அடித்துப் பணியவைக்க முயன்றால் சவாரி செய்பவருக்கும் ஆபத்து.

மாம்பழத்துக்குப் பெயர்பெற்ற முதலமடை அமைந்துள்ள சித்தூர் வட்டத்துக்குக் குதிரை புதிதல்ல. அருகிலுள்ள தத்தமங்கலத்தில் 'அங்காடி வேலா' திருவிழாவையொட்டிக் குதிரை ஓட்டம் நடத்தப்படுவது உண்டு. கொரோனா கட்டுப்பாடுகளை மீறி 2021 ஏப்ரலில் அது நடத்தப்பட்டதாகக் காவல்துறை வழக்குப் பதிவு செய்தது. தமிழக எல்லைக்குள், ஈரோடு மாவட்டம் அந்தியூரில் ஆடி மாதம் குருநாதசுவாமி கோயில் திருவிழாவின்போது பெரிய குதிரைச் சந்தை கூடுகிறது. எனினும், 2019 கால்நடைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் குதிரைகளும் மட்டக்குதிரைகளும் சேர்ந்து சுமார் 3.4 லட்சம் மட்டுமே. இது 2012-ஆம் ஆண்டைவிட ஏறத்தாழ 45 சதவீதம் குறைவு. குதிரைகள் குறையும்போது, அவற்றைப் பார்த்துப் பழகிய கண்களும் குறைகின்றன. அந்த இடத்தைக் கைப்பேசியில் கிடைக்கும் வெளிநாட்டு அறிவுரைகள் நிரப்புகின்றன. அவை இந்த மண்ணுக்கு அப்படியே பொருந்துவதில்லை.

பகல் பொழுதும் ஹார்மோனும்

பெண் குதிரை பொதுவாக ஒன்று முதல் இரண்டு வயதுக்குள் பருவமடைகிறது. அதன் சினைச்சுழற்சி சராசரியாக 21 நாள். இதில் ஐந்து முதல் ஏழு நாள் வரை சினைப்பருவம் நீடிக்கும். அப்போது ஈஸ்ட்ரோஜன் மேலோங்கியிருக்கும். சினைப்பருவம் முடிவதற்கு ஓரிரு நாள் முன்னதாகக் கருமுட்டை வெளியேறும். எஞ்சிய சுமார் இரண்டு வாரங்கள் புரோஜெஸ்டிரோனின் ஆதிக்கத்தில் கழியும்.

இந்தச் சுழற்சியை இயக்கும் கடிகாரம் பகல் வெளிச்சம். இரவு நீளும்போது மூளையில் மெலடோனின் அதிகம் சுரந்து, இனப்பெருக்க ஹார்மோன்களைத் தூண்டும் சமிக்ஞையை அடக்குகிறது. லண்டனில் கோடைப் பகலுக்கும் குளிர்காலப் பகலுக்கும் இடையே கிட்டத்தட்ட ஒன்பது மணி நேர வேறுபாடு உண்டு. அதனால் அங்கே பல பெண் குதிரைகள் குளிர்காலம் முழுவதும் பருவத்துக்கு வருவதில்லை. வசந்தத்தின் தொடக்கத்தில் ஒழுங்கற்ற, நீண்ட பருவங்கள் தோன்றும். பாலக்காட்டில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் உள்ள வேறுபாடு சுமார் ஒன்றேகால் மணி நேரம்தான். எனவே, நன்கு பராமரிக்கப்படும் குதிரை இங்கு ஆண்டு முழுவதும் பருவத்துக்கு வரக்கூடும். 'குளிர்காலம் வந்தால் சரியாகிவிடும்' என்று காத்திருப்பதில் பயனில்லை.

இங்கே பருவத்தைக் குலைப்பது பெரும்பாலும் தீவனமும் உடல்நிலையும். முதலமடை போன்ற வறண்ட கிழக்குப் பகுதிகளில் கோடையில் பசும்புல் குறைந்து, குதிரை மெலிந்தால் சுழற்சி தடைபடலாம். மழைக்குப் பின் உடல் தேறும்போது மீண்டும் தொடங்கலாம். கடும் வெயிலில் நடுப்பகல் சவாரிக்கு அழைத்துச் செல்லப்படும் குதிரை சோர்வால் மறுப்பதையும் பருவத்தின் கணக்கில் எழுதிவிடுகிறோம்.

அடையாளங்களில் நேரும் குழப்பம்

வாலைத் தூக்கி ஒதுக்குதல், பின்னங்கால்களை அகட்டிச் சிறிது சிறிதாகச் சிறுநீர் கழித்தல், வெளிக்குறியைத் திறந்து மூடுதல், ஆண் குதிரையை நாடிச் செல்லுதல் ஆகியவையே சினைப்பருவத்தின் அறிகுறிகள். கூர்ந்து பார்த்தால் இவற்றில் முரட்டுத்தனம் எதுவும் இல்லை. கிறீச்சிட்டு உதைப்பது, வாலை விசிறியடிப்பது, வயிற்றுப் பட்டையை இறுக்கும்போது கடிக்க வருவது ஆகியவை சினைப்பருவத்தில் இல்லாத குதிரையிடமும், வலியில் உள்ள குதிரையிடமும் அதிகம் காணப்படுபவை.

இரண்டையும் பிரித்தறிய விலை உயர்ந்த கருவி தேவையில்லை. ஒரு தினசரி நாட்காட்டி போதும். இரண்டு அல்லது மூன்று சுழற்சிகளுக்கு, அதாவது சுமார் இரண்டு மாதங்களுக்கு, குதிரையின் நடத்தையை நாள்தோறும் குறிக்க வேண்டும். முரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை திரும்பி வந்தால் ஹார்மோனைச் சந்தேகிக்கலாம். எந்த ஒழுங்கும் இல்லாமலோ, சேணம் பூட்டும்போது மட்டுமோ வந்தால் வேறு காரணத்தைத் தேட வேண்டும். முரண்டு பிடிக்கும் நாளிலேயே இரத்தப் பரிசோதனை செய்வது மேலும் உறுதியான வழி. புரோஜெஸ்டிரோன் அளவு ஒரு மில்லிலிட்டருக்கு 1 நானோகிராமுக்கு மேல் இருந்தால், பெரும்பாலும் குதிரை அன்று சினைப்பருவத்தில் இல்லை.

வேறு காரணங்களில் இரைப்பைப் புண், பொருந்தாத சேணம், முதுகு வலி, பல் கூர்மை, கால் நோவு, சிறுநீர்ப்பாதைத் தொற்று ஆகியவை முக்கியமானவை. கருமுட்டை வெளியேறும் சமயத்தில் விலாப்பகுதியில் வலி காணும் குதிரைகளும் உண்டு. அரிதாக, ஒரு சினையகத்தில் ஹார்மோன் சுரக்கும் கட்டி உருவாகி, பெண் குதிரை ஆண் குதிரையைப் போல் நடந்துகொள்ளலாம். ஸ்கேன் மூலமும் ஏ.எம்.எச். எனும் ஹார்மோனை அளப்பதன் மூலமும் இதைக் கண்டறியலாம். அறுவை சிகிச்சையே தீர்வு. மண்ணுத்தியில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரியும், எல்லைக்கு இப்பால் உடுமலைப்பேட்டை கல்லூரியும் இப்பகுதியினர் நாடக்கூடிய இடங்கள்.

மருந்து எப்போது?

வலிக்கான காரணங்கள் விலக்கப்பட்ட பின்னரே ஹார்மோன் மருந்தைப் பற்றிப் பேச வேண்டும். ஆல்ட்ரினோஜெஸ்ட் எனும் வாய்வழி மருந்து, அன்றாடம் கொடுக்கப்படும் காலம்வரை சினைப்பருவத்தை அடக்கி வைக்கும். மருந்து கொடுத்தும் நடத்தை மாறவில்லை என்றால் காரணம் ஹார்மோன் அல்ல என்பதற்கு அதுவே வலுவான குறிப்பு. இந்த மருந்து மனிதத் தோல் வழியாகவும் உடலுக்குள் ஊடுருவும். கருவுற்ற பெண்கள் இதைத் தொடக் கூடாது. மற்றவர்களும் கையுறை அணிந்தே கையாள வேண்டும். லாயத்தில் வேலை செய்பவருக்கு இதை யாரும் சொல்லாமல் விடுவதுதான் உண்மையான அபாயம். போட்டிக் குதிரை என்றால், அமைப்பாளர்களின் மருந்து விதிகளையும் முன்கூட்டியே கேட்டறிவது நல்லது.

கருமுட்டை வெளியேறிய இரண்டாவது வாரத்தில் ஆக்ஸிடோசின் ஊசி செலுத்திப் புரோஜெஸ்டிரோன் காலத்தை நீட்டிக்கும் முறையும் உண்டு. நாள் கணக்குத் தவறினால் பலன் இராது. மருத்துவர் சீட்டின்றி அதை வாங்கிச் செலுத்துவது சட்டப்படியும் தவறு. கருப்பைக்குள் கண்ணாடிக் கோலிக்குண்டு வைக்கும் பழைய முறையை இன்று நிபுணர்கள் பரிந்துரைப்பதில்லை. குண்டு உடைந்து கருப்பையில் காயமும் அழற்சியும் ஏற்பட்ட நிகழ்வுகளே காரணம்.

மருந்து தேவைப்படாத குதிரைகளே அதிகம். சினைப்பருவ நாள்களில் பயிற்சியை முழுவதும் நிறுத்த வேண்டியதில்லை. நேரத்தைக் குறைத்து, தெரிந்த பாடங்களை மட்டும் செய்யவைக்கலாம். ஆண் குதிரைக்கு அருகில் கட்டுவதையும், திருவிழா ஊர்வலங்களுக்கு அழைத்துச் செல்வதையும், புதிதாகக் கற்கும் சிறுவர்களை ஏற்றுவதையும் அந்த நாள்களில் தவிர்க்க வேண்டும்.

சந்தையில் புதிதாக வாங்கிய பெண் குதிரை என்றால், எல்லாவற்றுக்கும் முன்பாகச் சினைப் பரிசோதனை செய்துவிடுவது நலம். குதிரையின் சினைக்காலம் சுமார் 11 மாதங்கள். முதல் சில மாதங்களில் வயிற்றைப் பார்த்து எதையும் அறிய முடியாது. 'இரண்டு மாதமாகப் பருவத்துக்கே வரவில்லை' என்று கோளாறாகக் கருதப்படும் குதிரையின் வயிற்றில் குட்டி வளர்ந்துகொண்டிருக்கலாம்.