கைநடுக்கமும் மூளைப் படமும்

திட்டக்குடிப் பகுதியிலிருந்து கைநடுக்கத்துடன் வருவோர் எம்மிடம் முதலில் கேட்பது, “இது பார்க்கின்சன் நோயா?” என்பதே. பெரும்பாலும் நரம்பியல் மருத்துவரின் நேர்ப் பரிசோதனையே விடை தந்துவிடும். ஐயம் நீடித்தால் டிரோடாட் ஸ்கேன் உதவும்.

கதிரியக்க டெக்னீசியம் இணைத்த மருந்தை ஊசிவழி இரத்தத்தில் செலுத்துவர். மூளையில் டோபமைனை வெளியிடும் நரம்பு முனைகளில் அது ஒட்டிக்கொள்ளும். ஏறத்தாழ 4 மணி நேரம் கழித்தே படம் எடுப்பர்; துணைக்கு வருவோர் உணவுடன் வருதல் நலம். பரம்பரையாக வரும் சாதாரண நடுக்கமெனில் இருபுறமும் காற்புள்ளி வடிவில் ஒளிரும். பார்க்கின்சனில் அதன் வால் மங்கிப் புள்ளியாகிவிடும்.

கதிரியக்கம் என்றதும் அஞ்சுவோர் உண்டு. டெக்னீசியத்தின் வீரியம் 6 மணி நேரத்தில் பாதியாகும். டோபமைன் ஏற்பிகளை உயிருள்ள மனித மூளையில் முதன்முதலாகப் படமெடுத்த அமெரிக்க மருத்துவர் ஹென்றி வாக்னர், 1983இல் தம்மையே அச்சோதனைக்கு உட்படுத்திக்கொண்டார். எனினும் கருவுற்றோரும் பாலூட்டுவோரும் முன்கூட்டியே தெரிவித்தல் வேண்டும். மாத்திரைகளை மருத்துவரைக் கேளாமல் நிறுத்த வேண்டா.