மூன்று குடும்பங்கள், ஒரே மீன்

உருவத்தை மட்டும் நம்பி ஆழ்கடல் மீன்களை வகைப்படுத்தினால் எவ்வளவு தூரம் ஏமாறலாம் என்பதற்கு வேல்ஃபிஷ் ஒன்றே போதும். 1895-இல் விவரிக்கப்பட்ட செட்டோமிமிடே என்ற வேல்ஃபிஷ் குடும்பத்து மீன்கள் ஆயிரம் மீட்டருக்கும் கீழே வாழ்பவை. அகன்ற வாயும் செதிலற்ற தொளதொள உடலும் கொண்டவை. 1956-இல் அறிவிக்கப்பட்ட மிராபின்னிடே வகையறா மேல்மட்ட நீரில் திரிபவை. சிலவற்றுக்கு உடலைப் போலப் பல மடங்கு நீளத்தில் நாடா வால். மெகலோமிக்டெரிடே என்ற மூன்றாவது குடும்பத்தின் அடையாளம் பெருத்த மூக்கு. ஒன்றுக்கொன்று உறவென்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால், முதல் குடும்பத்தில் பிடிபட்டவை எல்லாம் பெண், மூன்றாவதில் எல்லாம் ஆண், இரண்டாவதில் எல்லாமே குஞ்சு!

முடிச்சை அவிழ்க்கத் தொடங்கியது டி.என்.ஏ. தான். 2003-இல் ஜப்பானின் மசாகி மியா குழு மைட்டோகாண்ட்ரியா மரபணுத் தொகுதிகளை ஒப்பிட்டபோது, முதல் இரண்டு குடும்பத்து மீன்களின் வரிசை ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. 2009-இல் டேவ் ஜான்சன், ஜான் பாக்ஸ்டன் உள்ளிட்டோர் மூன்றும் ஒரே குடும்பம்தான் என்று நிறுவினார்கள். குஞ்சு பெண்ணாக வளர்ந்தால் வாய் பெருத்து ஆழத்துக்கு இறங்குகிறது. ஆணாக வளர்ந்தால் இரைப்பையும் உணவுக்குழாயுமே இல்லாமல் போகின்றன. சிறுவயதில் தின்றதைப் பெரிய ஈரலில் சேமித்து, மீதி நாட்களை அதைக் கொண்டே ஓட்டுகிறது.

அதே 2003-இல் கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பால் ஹெபர்ட் முன்வைத்த டி.என்.ஏ. பார்கோடு முறையும் இந்தத் தர்க்கத்தில்தான் நிற்கிறது. சி.ஓ.ஐ. என்ற மைட்டோகாண்ட்ரியா மரபணுவில் சுமார் 650 எழுத்துகளைப் படித்தால், பெரும்பாலான மீன்களின் இனத்தைச் சொல்லிவிடலாம். வயதோ பாலினமோ இந்த வரிசையை மாற்றுவதில்லை. வலையில் நசுங்கிச் சிதைந்து மேலே வரும் ஆழ்கடல் மீனுக்குச் சதைத் துணுக்கே அடையாளச் சீட்டு.

ஒரு துண்டு மரபணுவை வைத்து இனத்தையே தீர்மானிப்பதா என்ற ஆட்சேபம் நியாயமானது. மைட்டோகாண்ட்ரியா தாய்வழியே வருவதால், கலப்பினத்தில் தந்தை யாரென்று பார்கோடு சொல்லாது. செபாஸ்டஸ் மீன்களைப் போல அண்மைக்காலத்தில் பிரிந்த இனங்களில் பலவற்றைப் பிரித்துக் காட்டவும் திணறும். தரவுத்தளத்தில் ஒரு மீனுக்குத் தவறான பெயர் ஏறிவிட்டால், அந்தத் தவறு அடுத்தடுத்த ஆய்வுகளுக்கும் தொற்றும். ஆனால், இவையெல்லாம் பார்கோடைக் கைவிடச் சொல்லும் காரணங்கள் அல்ல. அதைத் தனியே விடக்கூடாது என்பதற்கான காரணங்கள். வேல்ஃபிஷ் வழக்கிலும் மரபணு கைகாட்டியது. உருமாறும் நிலையிலேயே பிடிபட்ட மீன்களின் எலும்பையும் உறுப்பையும் ஆராய்ந்த பிறகே தீர்ப்பு உறுதியானது.

ஆகவே, கருவி வந்துவிட்டது, இனி வகைப்பாட்டு வல்லுநர் எதற்கு என்று கேட்பது தப்புக்கணக்கு. ஃபார்மலினில் ஊறிய பழைய மாதிரிகளில் டி.என்.ஏ. சிதைந்திருக்கும். இனிப் பிடிபடும் ஒவ்வொரு மீனிலும் ஃபார்மலினில் போடும் முன்பே கொஞ்சம் சதையை எடுத்துவைக்க வேண்டும். உடலை அருங்காட்சியகத்தில் பாதுகாக்க வேண்டும். பெயரைச் சரிபார்க்கத் தேர்ந்த ஆள் வேண்டும். இவற்றுக்குச் செலவிடாமல் வரிசைகளை மட்டும் குவித்தால், எந்த மீனுடையது என்று தெரியாத எழுத்துகள்தான் மிஞ்சும்.