டயப்பருக்குள் இருப்பது பஞ்சு அல்ல

2026 ஏப்ரல் 1 முதல் வீட்டுக் குப்பையை ஈரம், உலர், சுகாதாரம், தனிக்கவனம் என நான்காகப் பிரித்துத்தான் தர வேண்டும் என்கின்றன 2026-ம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள். அதையொட்டி வாசகர்களிடமிருந்து வரும் கடிதங்களில் டயப்பர்தான் பெரிய குழப்பமாக இருக்கிறது. நனைந்திருப்பதால் அது ஈரக் கழிவா? பஞ்சுதானே, மக்கிவிடாதா?

சுகாதாரக் கழிவு என்பதே விடை. ஆனால், பஞ்சு என்ற நம்பிக்கையை முதலில் கைவிட வேண்டும். ‘காட்டன் போன்ற மென்மை’ என்று பாக்கெட்டில் போடுகிறார்களே, அந்தப் ‘போன்ற’தான் விஷயம். குழந்தையின் தோலில் படும் துணி பாலிப்ரொப்பிலீன். வெளிப்புறம் பாலித்தீன் படலம். பஞ்சாகத் தெரிவது பெரும்பாலும் பைன் மரக்கூழ். மொத்தத்தில் மக்கக்கூடியது அநேகமாக அது ஒன்றுதான்.

உண்மையான வேலையைச் செய்வது வேறொன்று. புது டயப்பரைக் கத்தரித்து, உள்ளிருப்பதை ஒரு கவரில் போட்டு உதறினால் அடியில் ரவை போல வெள்ளைக் குருணை தங்கும். அது சோடியம் பாலிஅக்ரிலேட்; அதன் மூலம் பெட்ரோலியம். ஒரு ஸ்பூன் குருணையில் ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றுங்கள். சற்று நேரத்தில் டம்ளரைக் கவிழ்த்தாலும் சொட்டு விழாது. அதன்மேல் ஒரு ஸ்பூன் உப்பைத் தூவிக் கிளறினால், கெட்டியாக நின்ற ஜெல்லி தளர்ந்து தண்ணீரைக் கக்கும்.

காரணம் இதுதான். குருணைக்குள் சோடியம் அடர்ந்திருக்கிறது, வெளியே குறைவு. அதைச் சமன்செய்யத் தண்ணீர் உள்ளே பாய்கிறது. மூலக்கூறு இழைகள் ஒன்றோடொன்று பிணைந்திருப்பதால் குருணை கரையாமல் ஊதுகிறது. வெளியே இருக்கும் திரவமும் உப்பாக இருந்தால் இழுவிசை குறைந்துபோகிறது. காய்ச்சி வடித்த நீரைத் தன் எடையைப் போல் சில நூறு மடங்கு குடிக்கும் இந்தக் குருணை, சிறுநீர் அளவு உப்புள்ள நீரை முப்பது முதல் ஐம்பது மடங்குதான் குடிக்கும். மேலே குழந்தை உட்கார்ந்து அழுத்தினால் இன்னும் குறையும். விளம்பரத்தில் ஊற்றப்படும் நீல நீரில் எவ்வளவு உப்பு என்று யாரும் சொல்வதில்லை. ‘12 மணி நேரம்’ என்ற வாக்குறுதியை இதையும் நினைவில் வைத்துக்கொண்டு படிப்பது நல்லது.

இந்தக் குருணையின் முன்னோடியை உருவாக்கியது அமெரிக்க வேளாண் துறையின் பியோரியா ஆய்வகம். மாவுப்பொருளை அடிப்படையாகக் கொண்டு செய்த அதன் நோக்கங்களில் ஒன்று, நிலத்தில் ஈரம் காப்பது. இன்று டயப்பரில் இருப்பது அதன் பெட்ரோலிய வாரிசு, எளிதில் மக்காது. நசுக்கினாலும் லேசில் நீரை விடாது என்பது குழந்தைக்கு வசதி, குப்பைக்கிடங்குக்கு வினை. ‘எரித்துவிடுவோம்’ என்று அதிகாரிகள் சுலபமாகச் சொல்கிறார்கள். பயன்படுத்திய டயப்பரின் எடையில் பெரும்பகுதி தண்ணீர். அது ஆவியான பிறகுதான் மீதி எரியும். அந்த எரிபொருள் செலவு யார் தலையில்?

தயாரிப்பாளர்களின் பொறுப்பு? மறுசுழற்சிக்கு ஏற்ற பொருட்களைப் பயன்படுத்த முடியுமா என ‘ஆராய வேண்டும்’, அல்லது ஒவ்வொரு டயப்பருக்கும் ஓர் உறை தர வேண்டும் என்றது முந்தைய 2016 விதி. ஆராய்வதற்குக் கெடு எதுவும் வைக்கவில்லை.

மற்ற கேள்விகள்:

கழிவறையில் போடலாமா? கூடவே கூடாது, ஊதி அடைத்துக்கொள்ளும்.

மலம்? கழிவறையில் தட்டிவிட்டு, டயப்பரை மட்டும் குப்பைக்குக் கொடுங்கள்.

ஜெல் தோலில் பட்டால்? துடைத்தால் போதும், வாய்க்குப் போகவிடாதீர்கள்.

நிறம் மாறும் கோடு? ஈரம் பட்டால் மாறும் சாயம்.

விலை? ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 12-லிருந்து 5 சதவீதம்.

உறை இல்லையென்றால்? செய்தித்தாளில் இறுகச் சுற்றி, தனியாகக் கொடுங்கள். சுற்றாமல் போட்டால், அதைக் கையால் பிரிக்கப்போவது தூய்மைப் பணியாளர்.