கொடுத்த பணத்தைத் திருப்பிக் கேட்டால்...

2021 டிசம்பர் வெள்ளம் நினைவிருக்கிறதா? ஷா ஆலம், தாமான் ஸ்ரீ மூடாவில் வீட்டுக்கு வீடு சேற்றை அள்ளிக் கொட்டினார்கள். பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு அரசாங்கம் 1,000 ரிங்கிட் உதவித்தொகை வழங்கியது. அதில் மெத்தையும் அடுப்பும் வாங்கியவருக்கு, ஐந்தாறு ஆண்டுகள் கழித்து, "கணக்கில் தவறு, பணத்தைத் திருப்பிக் கட்டுங்கள்" என்று கடிதம் வந்தால் எப்படி இருக்கும்?

நம் நாட்டில் இது கற்பனை. அமெரிக்காவில் நிஜம்.

2005இல் கத்ரீனா சூறாவளி தாக்கியபோது, ஃபெமா எனும் கூட்டரசு பேரிடர் நிர்வாக அமைப்பு அவசர அவசரமாகப் பணம் கொடுத்தது. 2011இல் அதில் ஒரு பகுதியைத் திருப்பிக் கேட்டுக் கடிதங்கள் பறந்தன. பல இடங்களில் தவறு அதன் ஊழியர்களுடையதே. எதிர்ப்பு வலுக்கவே, அந்த ஆண்டு இறுதியில் நாடாளுமன்றம் தலையிட்டது. மோசடி இல்லை, தவறு ஃபெமாவுடையது என்றால், குறிப்பிட்ட வருமானத்துக்கு உட்பட்டவர்களின் கடனைத் தள்ளுபடி செய்ய வழி பிறந்தது.

ஊராட்சி மன்றங்களின் கதை இன்னும் சிக்கல். சாலையைச் சீரமைக்க, குப்பைகளை அகற்ற ஆகும் செலவில் குறைந்தது 75 விழுக்காட்டைக் கூட்டரசு ஏற்கும். வேலை முடிந்து பல ஆண்டுகளுக்குப் பின் தணிக்கையாளர் வருவார். "இந்தச் செலவு செல்லாது" என்பார். ஃபுளோரிடாவின் சில ஊர்கள், 2004, 2005 சூறாவளிகளுக்கு வாங்கிய பணத்துக்காக நெடுங்காலம் கழித்தும் போராடின. செலவான பணத்தை எங்கிருந்து எடுப்பது? உள்ளூர் வரிப்பணத்திலிருந்துதான்.

மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு கேட்கக்கூடாது என 2000ஆம் ஆண்டே சட்டம் வந்தது. ஆனால் அந்தப் பேரிடருக்கான கடைசிக் கணக்கு ஒப்படைக்கப்பட்ட பிறகே கெடு தொடங்கியது. அதற்கே பல ஆண்டுகள் ஆகும்! 2018 அக்டோபரில் இது திருத்தப்பட்டது. இப்போது ஒவ்வொரு திட்டத்தின் இறுதிக் கணக்கிலிருந்தும் மூன்று ஆண்டுகள். ஒப்புதல் பெற்று, நியாயமான செலவில், சொன்ன வேலையை முடித்திருந்தால் பணத்தைத் திருப்பித் தர வேண்டியதில்லை. மோசடிக்கு மட்டும் இந்தக் கெடு பொருந்தாது.

பொதுப்பணத்துக்குக் கணக்குக் கேட்பது நியாயமே. ஆனால் அதிகாரியின் பிழைக்கு, வெள்ளத்தில் எல்லாம் இழந்தவர் அபராதம் கட்டலாமா?

உதவி வாங்கிய குடும்பங்களுக்கு ஒரு வார்த்தை: ரசீதுகளைப் படமெடுத்துப் பத்திரப்படுத்துங்கள். கைப்பேசி வெள்ளத்தில் போனாலும் மின்னஞ்சலில் இருக்கும்.