ரிக்ஸ்டோர்ஃப் சேமக்காலை

பேர்லின் நொய்கெல்னில் கார்ல் மார்க்ஸ் வீதியின் கடைச் சத்தத்தை விட்டுக் கொஞ்சம் உள்ளே நடந்தால், கார்ல் மார்க்ஸ் சதுக்கத்தின் ஓரத்தில் ஒரு மதில் வரும். அதற்கு அந்தப் பக்கம் 1751இல் அமைத்த பொஹீமியரின் சேமக்காலை. மதிலோடு பதித்த பழைய கற்களில் எழுத்து செக் மொழியில் இருக்கிறது. எனக்கு அந்த மொழி வராது. ஆனால் அகதிகள் வந்த ஊரில் தங்கள் மொழியிலேயே கல் வெட்டினார்கள் என்பது போதும், அந்த இடத்தில் என்னை நிறுத்திவைக்க.

1620இல் வெள்ளைமலைப் போரில் பொஹீமியாவின் புரொட்டஸ்தாந்தர் தோற்றார்கள். ஹப்ஸ்பேர்க் அரசு எல்லோரையும் கத்தோலிக்கராக மாறச் சொன்னது. தலைமுறைகளாக வேதப்புத்தகத்தை ஒளித்துவைத்து வாழ்ந்த குடும்பங்கள் சாக்சனிக்குத் தப்பி ஓடின. அவர்களில் 18 குடும்பங்களுக்கு 1737இல் பிரஷ்ய மன்னர் முதலாம் ஃபிரீட்ரிஷ் வில்ஹெல்ம் ரிக்ஸ்டோர்ஃப் கிராமத்தில் நிலமும் வீடும் கொடுத்தார். அந்த ரிக்ஸ்டோர்ஃப்தான் 1912இல் நொய்கெல்ன் என்று பெயர் மாறியது. அதே ஆண்டில் குடியேறியவர்களின் வழிவந்தோர் மன்னருக்குச் சிலை வைத்தார்கள். 1753இல் கட்டிய அவர்களின் பள்ளிக்கூடம் இன்று சிறிய அருங்காட்சியகம்.

ஒன்றாக ஓடிவந்தவர்கள் வழிபாட்டில் மூன்றாகப் பிரிந்தார்கள்: ஹெர்ன்ஹூட் சகோதர சபையார், லூத்தரன்கள், சீர்திருத்தச் சபையார். சேமக்காலையும் மூன்று பகுதி. சகோதர சபையாரின் பகுதியைப் பார்த்தவுடன் தெரியும். நிலத்தோடு படுத்த சிறு கற்கள், ஒன்றைவிட ஒன்று உயராமல். பணக்காரன், கூலிக்காரன் என்ற பேதம் மண்ணுக்குள் வேண்டாம் என்பது அவர்கள் கொள்கை. ஈஸ்டர் விடியலில் கல்லறைகளுக்கு நடுவே கூடி உயிர்ப்பைப் பாடுவது இச்சபையின் வழக்கம்.

பேர்லின் நடுவில் இதே பொஹீமியருக்காக 1737இல் கட்டி முடித்த பெத்லகேம் ஆலயம் இவ்வளவு காலம் நிலைக்கவில்லை. 1943இல் குண்டு விழுந்தது, 1963இல் இடிபாட்டையும் அகற்றிவிட்டார்கள். 2012இல் ஸ்பானியக் கலைஞர் ஹுவான் கராய்சபால் அங்கே உருக்குக் குழாய்களால் ஆலயத்தின் வடிவத்தை மட்டும் எழுப்பினார். சுவர் கிடையாது, உள்ளே வானம் தெரியும்.

நம்மவர்களுக்கு இன்னொரு செய்தி. இதே ஹெர்ன்ஹூட் சபையார் 1760இல் தரங்கம்பாடிக்கு வந்தார்கள். பொறையாற்றுக்குப் பக்கத்தில் தோட்டம் போட்டுத் தங்கினார்கள். போக நினைத்தது நிக்கோபார் தீவுகளுக்கு. அங்கே போன பலரைக் காய்ச்சல் தின்றது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தோட்டத்தையும் விட்டுப் போனார்கள். ரிக்ஸ்டோர்ஃப் மதிலையும் சோழநாட்டுக் கரையையும் ஒரே சபை தொட்டிருக்கிறது என்பதை எங்கள் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை.

நாங்கள் யாழ்ப்பாணத்து மயிலிட்டி ஆட்கள். 1990 ஜூனில் போர் வந்து ஊரே எழும்பிப் போனது. 2017இல்தான் துறைமுகப் பக்கத்தை இராணுவம் விட்டது. அம்மம்மாவின் கல் எது என்று அதன் பிறகும் கண்டுபிடிக்க முடியவில்லை. இங்கேயும் கல் நிலையில்லை. பேர்லினில் கல்லறை நிலத்துக்கு வழக்கமான தவணை 20 ஆண்டு. அதற்குப் பிறகு குடும்பம் புதுப்பிக்காவிட்டால், அல்லது புதுப்பிக்கச் சேமக்காலை விடாவிட்டால், அந்த இடம் இன்னொருவருக்கு. அதனாலும் 18ஆம் நூற்றாண்டுக் கற்கள் இந்த நகரத்தில் அபூர்வம்.

ஹெர்ன்ஹூட் சபையாரிடம் கல்லைவிட உறுதியான ஒன்று உண்டு. ஒவ்வொருவரும் உயிரோடு இருக்கும்போதே தன் வாழ்க்கையை எழுதிவைப்பார். அடக்கத்தின்போது அதை வாசிப்பார்கள். ஹெர்ன்ஹூட் ஆவணக்காப்பகத்தில் பல்லாயிரம் பேரின் வாழ்க்கை இப்படிக் கிடக்கிறது. நெசவாளி, வேலைக்காரப் பெண், எல்லோருடையதும். 1980களில் ஷோனஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, கிழக்கு பேர்லின் வழியாக ரயிலேறி மேற்கே வந்த எங்கள் முதல் தலைமுறை போகத் தொடங்கிவிட்டது. கோயில்களும் சங்கங்களும் நன்கொடைப் பட்டியல் வைத்திருக்கின்றன. அந்தத் தலைமுறை எப்படி வந்தது என்ற பட்டியல் இருக்கிறதா?

அப்பாவை ஞாயிறுகளில் இருத்தி, சொல்லச் சொல்லி எழுதுகிறேன். இன்னும் கட்டுநாயக்கா விமான நிலையம் வரைக்கும் வரவில்லை. மயிலிட்டிக் கரையில் நின்ற வள்ளங்களின் பெயர்களைச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.