செல்ஃப் எடுக்கலையா? பேட்டரியைத் திட்டாதீங்க!

காலை எட்டே முக்கால். ஒரு கையில் டிபன் பாக்ஸ், இன்னொரு கையில் சாவி. அப்பா வாங்கிய மாருதி 800-ல் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருகுகிறீர்கள். 'டக்!' அவ்வளவுதான். மறுபடி திருகினால் மறுபடி 'டக்!' பால்கனியிலிருந்து, "இந்த டப்பாவை வித்துத் தொலைங்கன்னு எத்தனை தடவை சொல்றது!" என்று குரல் வருகிறது. எதிர் வீட்டு மாமா துண்டை உதறியபடி கேட் வரை வந்து, பானெட்டைத் திறக்காமலேயே தீர்ப்பு சொல்லிவிடுகிறார்.

"பேட்டரி அவுட்டு, சார்!"

நில்லுங்கள். பர்ஸை எடுக்காதீர்கள்.

பழைய கார் வைத்திருப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள். ரிப்பேருக்குப் போன பணத்தைவிட, 'இதுவா இருக்குமோ, அதுவா இருக்குமோ' என்று சந்தேகத்துக்கு சாமான் மாற்றியதில் போன பணம்தான் ஜாஸ்தி என்பார்கள். என்ன கோளாறு என்று கண்டுபிடிக்கப் பெரும்பாலும் பைசா செலவில்லை. கண், காது, மூக்கு, சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஒரு மல்டிமீட்டர் போதும். அதுவும் 1983 டிசம்பரில் முதல் வண்டி வெளியே வந்து 2014 ஜனவரியில் தயாரிப்பு நின்றுபோன மாருதி 800 மாதிரி காருக்கு ரொம்பவே போதும். மூன்றே சிலிண்டர், 796 சி.சி. இன்ஜின். 2000-வாக்கில் எம்.பி.எஃப்.ஐ. வருவதற்கு முந்தைய கார்புரேட்டர் மாடல் என்றால், இன்ஜினை ஆட்டுவிக்கும் கம்ப்யூட்டர் பெட்டி என்ற சமாசாரமே கிடையாது. எல்லாம் கண்ணுக்குத் தெரிகிற வயரும் டியூபும்தான்.

சரி, அந்த 'டக்'குக்கு வருவோம்.

ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டு சாவியைத் திருகுங்கள். வெளிச்சம் அப்படியே அணைந்து போகிற மாதிரி மங்கினால் பேட்டரியில் சரக்கில்லை, அல்லது அதன் டெர்மினல் லூஸ். வெளிச்சம் கொஞ்சமும் அசராமல் ஜம்மென்று எரிந்து, 'டக்' மட்டும் வருகிறதா? பேட்டரி மேல் பழி போட வேண்டாம். கரண்ட் இருக்கிறது, செல்ஃப் மோட்டாருக்குப் போய்ச் சேரவில்லை.

மல்டிமீட்டர் இருந்தால் இன்னும் தெளிவாகத் தெரிந்துவிடும். ராத்திரி முழுக்க நின்ற காரில் 12.6 வோல்ட் காட்டினால் முழு சார்ஜ். 12.2 என்றால் பாதி. 12-க்குக் கீழே என்றால் காலி மாதிரிதான். முழு சார்ஜில் இருந்தும் செல்ஃப் அடிக்கும்போது ஒன்பதரைக்குக் கீழே விழுந்தால் பேட்டரிக்கு வயசாகிவிட்டது. இன்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை காட்ட வேண்டும். ஓடும்போதும் 12.3-லேயே நின்றால் ஆல்டர்னேட்டரோ, அதன் பெல்ட்டோ வேலை செய்யவில்லை. அந்த நிலைமையில் புது பேட்டரி போட்டால் இரண்டு நாளைக்கு ஓடும். மூன்றாம் நாள் அதுவும் படுத்துவிடும். கடைக்காரர் மேல் சண்டைக்குப் போவீர்கள். பாவம், அவர் என்ன செய்வார்?

டெர்மினலில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தால் சமையல் சோடா கலந்த வெந்நீரில் கழுவி, உப்புத்தாளால் தேய்த்து, மேலே வாஸலைன் தடவுங்கள். கழற்றும்போது நெகட்டிவ் முதலில். மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில். பக்கத்தில் நின்று சிகரெட் பற்ற வைக்க வேண்டாம். பேட்டரியிலிருந்து வருவது ஹைட்ரஜன்!

இந்த இடத்தில் எர்த் என்கிற ஏழை ஜீவனைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எனக்குத் தெரிந்த ஒரு பேங்க் ஊழியர், 97 மாடல் வைத்திருக்கிறார். இதே 'டக்' பிரச்னைக்குப் புது பேட்டரி போட்டார். பத்து நாள் கழித்து மறுபடி 'டக்'. "செல்ஃப் மோட்டார் போயிடுச்சு சார்" என்றார்கள். அதையும் மாற்றினார். ஒரு மாசம் ஓடியது. அப்புறம் மகளை ப்ளஸ் டூ பரீட்சைக்கு அழைத்துப் போக வேண்டிய காலையில், வாசலிலேயே 'டக்'. ஆட்டோ பிடித்து ஓடினார்கள். சாயங்காலம் வந்து பார்த்தவர், பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்து ரிட்டயரானவர். ஸ்பேனரையே எடுக்கவில்லை. நாலைந்து தடவை சாவியைத் திருகச் சொல்லிவிட்டு, ஆக்ஸிலரேட்டர் கேபிளைத் தொட்டுப் பார்த்தார். சுட்டது!

ஆக்ஸிலரேட்டர் கேபிள் ஏன் சுட வேண்டும்? செல்ஃப் மோட்டார் குடிக்கும் கரண்ட் கொஞ்ச நஞ்சமில்லை. நூறு ஆம்பியர் அநாயாசமாகப் போகும். பாஸிட்டிவ் வயர் வழியாகப் போன அத்தனை கரண்டும் இன்ஜினிலிருந்து பேட்டரிக்குத் திரும்பி வந்தாக வேண்டும். அதற்குத்தான் எர்த் கேபிள். அது துருப்பிடித்தோ லூஸாகவோ இருந்தால், கரண்ட் கிடைத்த சந்து பொந்தில் எல்லாம் நுழைந்து வரப் பார்க்கும். இன்ஜினையும் பாடியையும் இணைக்கிற இரும்புக் கேபிள் அதற்கு ஒரு சந்து. முன்பு எப்போதோ கிளட்ச் வேலைக்காக கியர் பாக்ஸை இறக்கியவர்கள், எர்த் கேபிளைத் துருவும் கிரீஸுமாக அப்படியே திருப்பி முடுக்கியிருக்கிறார்கள்.

பெரியவர் ஜம்பர் கேபிளின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவிலும், மறு முனையை இன்ஜினின் வெறும் இரும்பிலும் கவ்வ விட்டார். "இப்ப அடிங்க." 'விர்ர்ர்...' முதல் அடியிலேயே ஸ்டார்ட்! மொத்த வைத்தியச் செலவு ஓர் உப்புத்தாள், ஒரு புது எர்த் கேபிள். கழற்றிப் போட்ட பழைய பேட்டரியையும் செல்ஃப் மோட்டாரையும் யார் திருப்பித் தருவார்கள்?

செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் இன்ஜின் பிடிக்கவில்லை என்றால் அது வேறு கேஸ். பெட்ரோல் வரவில்லை, அல்லது ஸ்பார்க் வரவில்லை. பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்று. பெட்ரோல் ஃபில்டரை எட்டிப் பாருங்கள், பெட்ரோல் தெரிகிறதா என்று. ஸ்பார்க்குக்கு, உதிரி பிளக் ஒன்றை பிளக் ஒயரில் செருகி, அதன் இரும்புப் பாகம் இன்ஜினைத் தொடும்படி ரப்பர் கைப்பிடி போட்ட கட்டிங் பிளேயரால் பிடித்துக்கொண்டு, வேறொருவரை செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். பளிச்சென்று நீலமாகப் பொறி தாவ வேண்டும். கையால் பிடிக்காதீர்கள், வாங்குகிற ஷாக்கில் ரெண்டு நாள் ஆபீஸுக்கு லீவு போட வேண்டிவரும். பக்கத்தில் பெட்ரோல் வாசனை அடித்தால் இந்தச் சோதனையே வேண்டாம்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் ஸ்பார்க் வராவிட்டால், முதல் சந்தேகம் டிஸ்ட்ரிபியூட்டர் கேப் மேல். கழற்றி உள்ளே ஈரம் போகத் துடையுங்கள். தலைமுடி மாதிரிக் கறுப்புக் கோடு தெரிந்தால் கேப்பில் விரிசல். துடைத்துப் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும். சித்திரை வெயிலில் டிராஃபிக்கில் நின்று, அப்புறம் ஸ்டார்ட் ஆகாமல் அழிச்சாட்டியம் செய்தால், சூட்டில் பெட்ரோல் ஆவியாகி வழியை அடைத்துக்கொண்டிருக்கலாம். பெட்ரோல் பம்ப் மேல் ஈரத்துணி போட்டுவிட்டு ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள். அந்தக் காலத்து அம்பாஸிடர் டிரைவர்கள் எல்லோருக்கும் தெரிந்த வைத்தியம் இது.

பிளக்கைக் கழற்றினால் துடைத்துவிடாதீர்கள், முதலில் பாருங்கள். இன்ஜினுக்கு அதுதான் நாக்கு. டாக்டர் 'ஆ' காட்டச் சொல்வதில்லையா? வெளிர் பழுப்பு என்றால் சௌக்கியம். காய்ந்த கரி என்றால் பெட்ரோல் அதிகமாகப் போகிறது. எண்ணெய்ப் பிசுக்கோடு கறுப்பு என்றால் இன்ஜின் ஆயில் சாப்பிடுகிறது. வெளேரென்று இருந்தால் பெட்ரோல் போதாமல் சூடாகிறது. புகையும் அதே பாஷைதான் பேசும். கறுப்புப் புகை பெட்ரோல். நீலப் புகை ஆயில். காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் மட்டும் நீலமாக வந்து நின்றுவிட்டால் வால்வு சீல் கெட்டிருக்கலாம், பெரிய செலவில்லை. ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போதெல்லாம் நீலம் என்றால் பிஸ்டன் ரிங் வரை போகும். இந்த வித்தியாசம் தெரிந்தவரிடம், "இன்ஜினை இறக்கணும் சார்" என்று யாரும் அவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட மாட்டார்கள்.

இதெல்லாம் நின்ற இடத்தில் வரும் தொல்லை. ஓடும்போது வருவது சூடு. அதில்தான் குடும்பத்தோடு நடுரோட்டில் நிற்கும்படி ஆகும்.

செங்கல்பட்டு தாண்டி, பின் சீட்டில் குழந்தைகள் தூங்க, டெம்பரேச்சர் முள் மெல்ல மேலே ஏறுகிறது. "இன்னும் பத்து கிலோ மீட்டர்தானே, ஓட்டிடலாம்" என்று மனசு சொல்லும். அந்தப் பத்து கிலோ மீட்டரில் அலுமினிய சிலிண்டர் ஹெட் வளைந்துவிடும். ஆயிரம், ரெண்டாயிரத்தில் முடிய வேண்டியது, காரின் விலைக்கே வேட்டு வைத்துவிடும். உடனே ஓரம் கட்டுங்கள். உடனே நிறுத்த இடமில்லையா? ஏ.ஸி.யை அணைத்து ஹீட்டரை முழுசாகத் திறந்துவிடுங்கள். 'மெட்ராஸ் வெயிலில் ஹீட்டரா!' என்று மாமியார் அலறுவார், அலறட்டும். இன்ஜின் சூட்டில் கொஞ்சம் அந்த வழியாக இறங்கும். நிறுத்தியபின் அரை மணியாவது ரேடியேட்டர் மூடி பக்கம் போகாதீர்கள். உள்ளே தண்ணீர் அழுத்தத்தில் இருக்கிறது. திறந்தால் முகத்தில்தான் பாயும். கொதிக்கிற இன்ஜினில் பச்சைத் தண்ணீரைக் கொட்டுவதும் ஆகாது. விரிசல் விட வழி.

வீட்டுக்கு வந்தபின் காரணம் தேடலாம். வண்டி நின்றபடி ஓடும்போது மட்டும் சூடு ஏறுகிறதா? ரேடியேட்டர் ஃபேனைக் கவனியுங்கள். முள் பாதியைத் தாண்டியும் ஃபேன் சுற்றவில்லை என்றால் முதலில் ஃபியூஸ். அது சரியென்றால் ஃபேனுக்கு பேட்டரியிலிருந்து நேராகக் கரண்ட் கொடுத்துப் பாருங்கள், விரலைத் தள்ளி வைத்துக்கொண்டு. சுற்றினால் மோட்டார் நல்லது. சூடு பார்த்துப் போடுகிற தெர்மோ ஸ்விட்ச்தான் குற்றவாளி. ஃபேன் நன்றாகச் சுற்றியும், ஹைவேயில் வேகமாகப் போகும்போது சூடானால் ரேடியேட்டர் அடைப்பைச் சந்தேகிக்கலாம். நம் ஊர் போர் தண்ணீரை வருஷக்கணக்கில் ஊற்றினால், வெந்நீர்ப் பானையில் படிகிற அதே உப்பு அங்கேயும் படியும். கூலன்ட்டும் டிஸ்டில்டு வாட்டரும்தான் ஊற்ற வேண்டும். இன்னொரு விஷயம். "நம்ம ஊருக்கு தெர்மோஸ்டாட் வால்வு எதுக்கு சார்?" என்று கழற்றி எறிந்துவிடும் பழக்கம் பல ஒர்க்ஷாப்களில் உண்டு. இன்ஜின் சரியான சூட்டுக்கு வராமல் பெட்ரோலை உறிஞ்சும். கழற்ற விடாதீர்கள்.

ஆயில் மூடிக்கு அடியில் காபி நுரை மாதிரிப் படிந்திருந்தால், ரேடியேட்டரில் குமிழ் குமிழாக வந்தால், கூலன்ட் ஒழுகாமலேயே குறைந்தால் ஹெட் காஸ்கெட் போயிருக்கக்கூடும். இது வீட்டு வைத்தியத்துக்கு அடங்காது.

ராத்திரி காருக்கு அடியில் பழைய நியூஸ் பேப்பரை விரித்து வையுங்கள். காலையில் ராசி பலனுக்கு முன்னால் அதைப் படிக்கலாம். கறுப்புச் சொட்டு இன்ஜின் ஆயில். பச்சையோ சிவப்போ கூலன்ட். ஏ.ஸி. போட்டிருந்தால் சுத்தமான தண்ணீர், கவலையில்லை. சக்கரத்தின் உட்புறமாக வழுவழுப்பான மஞ்சள் சொட்டு என்றால் அது பிரேக் ஆயிலாக இருக்கலாம். அந்தக் காரை அன்றைக்கு வெளியே எடுக்காதீர்கள். பெட்ரோல் வாசனை வந்தால் சாவியையே போடாதீர்கள். பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலப்பது 2025-ல் நாடு முழுக்க வந்துவிட்டது. அந்தக் காலத்து ரப்பர் டியூபும் காஸ்கெட்டும் இதற்காகச் செய்தவை அல்ல. விரலால் அழுத்திப் பாருங்கள். வெடிப்போ, பிசுபிசுப்போ இருந்தால் மாற்றிவிடுங்கள்.

'ஹார்னைத் தவிர எல்லாம் சத்தம் போடும்' என்பது பழைய ஜோக். ஆனால் ஒவ்வொரு சத்தத்துக்கும் விலாசம் உண்டு. ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்துத் திரும்பும்போது 'கட கட' என்றால் ஆக்ஸில் ஜாயின்ட். வேகம் கூடக் கூட 'ம்ம்ம்' என்று ஊளையிட்டால் வீல் பேரிங். ஸ்டார்ட் செய்ததும் 'கீச்' என்றால் பெல்ட்.

பிரேக்கில் நீங்கள் செய்யக்கூடியது சோதனை மட்டும். பெடலை அழுத்தி அரை நிமிஷம் அப்படியே வைத்திருங்கள். கால் மெதுவாகக் கீழே இறங்கினால் மாஸ்டர் சிலிண்டரில் கோளாறு. ரெண்டு தடவை பம்ப் அடித்தால்தான் பெடல் நிற்கிறது என்றால் காற்று புகுந்திருக்கலாம். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மாற்ற வேண்டும். குறையக் குறைய ஊற்றிக்கொண்டே இருப்பது ரிப்பேர் ஆகாது. அதைப் பிரித்து மாட்டும் வேலையை மெக்கானிக்கிடம் விடுங்கள். அதே மாதிரி, ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் போகவே போகாதீர்கள். ஹாலோ பிளாக் கல்லை முட்டுக் கொடுப்பது அதைவிட மோசம். சொல்லாமல் கொள்ளாமல் நொறுங்கும். ஸ்டாண்ட் வாங்க மனமில்லையா, அடியில் போகிற வேலையே வேண்டாம்.

15 வருஷம் தாண்டிய காரின் ஆர்.சி.யை ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்க வேண்டும். 600 ரூபாயாக இருந்த அந்தக் கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆனது. 20 வருஷம் தாண்டியவற்றுக்கு 2025 ஆகஸ்டில் 10,000. இவ்வளவு கட்டி வைத்துக்கொள்கிற காருக்கு சாமான் கிடைக்குமா என்றால், கிடைக்கும். சென்னையில் புதுசுக்கு ஜி.பி. ரோடு, பழசுக்குப் புதுப்பேட்டை. கழற்றிய பழைய சாமானைக் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள். "அதே மாதிரிதான் சார், பக்காவா உட்காரும்" என்று வேறு மாடலுடையதைத் தலையில் கட்டிவிடுவார்கள். கதவுக் கைப்பிடி, கண்ணாடி, லைட் எல்லாம் பழசிலேயே வாங்கலாம். பிரேக் சாமானும் ரப்பர் டியூபும் மட்டும் புதுசு; அதில் பேரம் வேண்டாம்.